பள்ளி என்னும் ஒரு சொல்

 

திருச்சிராப்பள்ளியில் ஒரு நாள் விடிவதை எண்ணிப் பாருங்கள். திருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளுக்குத் திருப்பள்ளியெழுச்சி ஓதப்படுகிறது. நகரின் பள்ளிவாசல்களில் வைகறைத் தொழுகைக்கு அழைப்பு எழுகிறது. கோயில் மடைப்பள்ளிகளில் அடுப்பு மூட்டப்படுகிறது. சற்று நேரம் கழித்துச் சீருடை அணிந்த பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படுகின்றனர். இரவு வந்தால் கோயில்களில் இறைவனும் இறைவியும் பள்ளியறைக்கு எழுந்தருள்கின்றனர். இவையெல்லாம் நடைபெறும் ஊரின் பெயரிலும் பள்ளி இருக்கிறது. தூங்கும் இடம் ஒன்று, எழுப்பும் பாட்டு ஒன்று, தொழும் இடம் ஒன்று, சமைக்கும் இடம் ஒன்று, படிக்கும் இடம் ஒன்று, குடியிருக்கும் ஊர் ஒன்று. எல்லாவற்றிற்கும் பெயர் ஒன்றே. ஆயினும் கேட்பவர் எவரும் குழம்புவதில்லை. "தம்பி பள்ளிக்குப் போயிருக்கிறான்" என்று தாய் சொன்னால், சொல்பவர் யார், எந்த வேளை, எந்தத் தெரு என்பவற்றைக் கொண்டு கேட்பவர் பொருளைப் பிரித்தறிந்துகொள்கிறார்.

இத்தகைய சொற்களைத் தமிழ்ப் புலவர் தனியே தொகுத்து வைத்தனர். சமணராகிய மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதிக்கு ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதி என்றே பெயர். திண்ணைப் பள்ளிக்கூடங்கள் இருந்த காலத்தில் பிள்ளைகள் நிகண்டை நெட்டுருச் செய்தனர். இந்தப் பதினோராம் தொகுதி மட்டும் தனி நூலாகவும் அச்சிடப்பட்டு வழங்கிற்று. ஒரு சொல்லுக்குப் பல பொருள் உண்டென்று காட்டுவதோடு நிகண்டின் வேலை முடிந்துவிடும். அப்பொருள்கள் எந்த வழியாக வந்தன என்பதை அது சொல்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியும் சிற்றூர், இடைச்சேரி, முனிவர் உறைவிடம், சமணர் பௌத்தர் கோயில், அரண்மனை, படுக்கை, உறக்கம், அறை, கல்விச்சாலை எனப் பள்ளிக்குரிய பொருள்களை அடுக்குகிறதேயன்றி, ஒன்று மற்றொன்றாக மாறிய கதையைச் சொல்லவில்லை. அந்தக் கதையின் பெரும்பகுதி மலைகளில் எழுதப்பட்டிருக்கிறது.

மதுரையை அடுத்த மாங்குளத்தில் ஒரு குன்று உண்டு. அங்குள்ள கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சிவெல் என்னும் ஆங்கில அதிகாரி கண்டு குறித்தார். அவ்வெழுத்துகளில் அமைந்த மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டினார். பின்னர் ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சார்ந்தவை எனக் கணித்தார். கணிநந்தன் என்னும் சமண முனிவருக்காக, நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி ஓர் உறைவிடத்தை வெட்டுவித்தான் என்பது அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று கூறும் செய்தி. அவ்வுறைவிடத்திற்கு அக்கல்வெட்டு வைத்த பெயர் பளி. அந்தக் கால எழுத்து முறையில் மெய் இரட்டித்து எழுதப்படாமையால் பள்ளி என்பது பளி எனப் பொறிக்கப்பட்டது. தமிழ் எழுத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிவுகளிலேயே இச்சொல் இருக்கிறது; அதுவும் ஒரு சமண முனிவரின் பெயரோடு சேர்ந்து இருக்கிறது.

மலையேறி அவ்விடத்தைக் காண்பவர் கண்ணில் முதலில் படுவது எது? கோபுரம் இல்லை, சுவர் இல்லை, வாயில் இல்லை. இயற்கையாக அமைந்த பாறைக் குகை ஒன்று. அதன் தரையில் வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். தலைமாடு சற்றே உயர்ந்து தலையணை போல அமைந்திருக்கும். மழைநீர் உள்ளே வழியாதிருக்கக் குகையின் நெற்றியில் காடி வெட்டியிருப்பார்கள். அவ்வளவே. ஓரிடத்தில் நிலையாகத் தங்காத துறவிக்கு, மழைக்காலத்து நான்கு திங்கள் தங்குவதற்கும் நோன்பு நோற்பதற்கும் வேறென்ன வேண்டும்? படுக்கை என்ற பொருளுடைய சொல் உறைவிடத்துக்கும் பெயரானதற்கு இதனினும் தெளிவான விளக்கம் தேவையில்லை. வீட்டில் படுக்கை ஒரு மூலையில் இருக்கும். இங்கே படுக்கைதான் வீடு. அதனால் படுக்கையின் பெயரே வீட்டின் பெயராகிவிட்டது.

காலப்போக்கில் இவ்விடங்களின் உண்மைப் பயன் ஊராருக்கு மறந்துபோயிற்று. கற்படுக்கை எங்கிருந்தாலும் அதனைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று அழைக்கும் வழக்கம் தமிழகமெங்கும் பரவிற்று. சில படுக்கைகள் ஐந்தாக இருக்கும், சில பதினேழாக இருக்கும். எண்ணிப் பார்ப்பார் இல்லை. பெயர் மாறினாலும் மதிப்பு மாறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மேலூரை அடுத்த அரிட்டாபட்டியில் சமணர் குகையும் தீர்த்தங்கரர் திருமேனியும் தமிழிக் கல்வெட்டும் உள்ளன. 2022இல் அது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலம் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டபோது எதிர்த்து நின்றவர்கள் சுற்றுவட்டார ஊர்களின் உழவர்கள். 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. அம்மலையில் படுத்தவர் யாரென்று அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர் என்பது வேறு செய்தி. மலையை விட்டுக்கொடுக்க அவர்கள் உடன்படவில்லை.

இனிப் பள்ளி என்பது தொடக்கம் முதலே சமணர்க்கு மட்டும் உரிய சொல்லாக இருந்ததா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. சமணர் தங்குமிடத்தைக் குறிக்கக் கல்வெட்டுகளே வேறு சொற்களையும் ஆள்கின்றன. புகலூரை அடுத்த ஆறுநாட்டார் மலையில் சேரர் அமைத்துக் கொடுத்த இடம் உறை எனப்படுகிறது. வேறு பல இடங்களில் அதிட்டானம் என்ற வடசொல் வருகிறது. மதுரைக்காஞ்சியைக் கற்றவர்கள் இன்னும் வியப்பான ஒன்றைக் கண்டிருப்பார்கள். மாங்குடி மருதனார் மதுரை நகரைச் சுற்றிக் காட்டும்போது பௌத்தர் இடத்தைக் கடவுட்பள்ளி என்கிறார்; வேதம் ஓதுவோர் இடத்தை அந்தணர் பள்ளி என்கிறார். அடுத்து, சாவகர் பூவும் புகையும் கொண்டு வழிபடும் சமணர் இடத்திற்கு வரும்போது பள்ளி என்னாமல் சேக்கை என்கிறார். சேக்கை என்பதற்கும் படுக்கை என்றே பொருள்! சொல் மாறிற்று, கருத்து மாறவில்லை. தங்கியிருந்து தவமும் ஓதலும் செய்வோர் யாராயினும் அவரிடத்தைப் படுக்கையின் பெயரால் அழைப்பது அன்றைய தமிழ் வழக்கு. சிலப்பதிகாரத்தில் காவிரிக் கரையில் கவுந்தியடிகள் உறைந்த இடம் கவுந்திப் பள்ளி ஆயிற்று. கோவலனும் கண்ணகியும் ஊர் துறந்து வந்தபோது அவர்களுக்கு வழித்துணை கிடைத்த இடம் அது. தமிழ்க் காப்பியத்தில் பெயரோடு குறிக்கப்பெற்ற அந்தப் பள்ளி ஒரு பெண்துறவியின் பள்ளி என்பது நினைவில் வைக்கத்தக்கது. அடுத்து வரும் செய்திக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

படுக்கும் இடம் படிக்கும் இடமாக எப்போது மாறிற்று? குறிப்பிட்ட ஒரு நாளைச் சொல்ல இயலாது. ஆனால் மாறியதற்குச் சான்று கல்லில் கிடைக்கிறது. மதுரைச் சமணர் மலையில் செட்டிப்பொடவு, பேச்சிப்பள்ளம் ஆகிய இடங்களில் உள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற பள்ளியைக் குறிப்பிடுகின்றன. அப்பள்ளியைச் சார்ந்த ஆசிரியர் இன்னார், அவர் மாணாக்கர் இன்னார், அவர் செய்வித்த திருமேனி இது என அவை தொடர்கின்றன. கழுகுமலையிலும் குரவர், குரத்தியர், மாணாக்கர், மாணாக்கியர் என்ற சொற்கள் மீண்டும் மீண்டும் வருகின்றன. குரவர் என்றால் ஆசான். குரத்தி என்றால் பெண் ஆசான். ஆசானும் மாணாக்கரும் பெயர் பெறும் இடம் கல்விக்கூடமாகவும் இருந்திருக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை.

இவற்றினும் சிறப்பான சான்று வந்தவாசிப் பக்கத்தில் உள்ளது. இங்கே கூடியிருக்கும் குடும்பங்களில் பல அப்பகுதியைச் சேர்ந்தவை. ஆயினும் வேடால் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர் அவர்களிலும் குறைவாகவே இருக்கக்கூடும். விடால் என்று கல்வெட்டில் வழங்கும் அவ்வூரில் முதலாம் ஆதித்த சோழன் காலத்தது எனக் கருதப்படும் பொறிப்பு ஒன்று இருக்கிறது. குணகீர்த்தி பட்டாரகரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரையும் அவருடைய மாணாக்கியர் ஐந்நூற்றுவரையும் அது குறிப்பிடுகிறது. அவர்களைக் காத்து உணவளிக்கும் பொறுப்பை ஊரார் ஏற்றுக்கொள்கின்றனர். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தொண்டை நாட்டின் ஒரு சிற்றூரில், ஒரு பெண் ஆசிரியர். அவரிடம் ஐந்நூறு பெண்கள். தமிழகத்தில் பெண்கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் தரங்கம்பாடிப் பாதிரிமார் தொடங்கிய பள்ளிகளிலிருந்து தொடங்குகின்றனர். பாதிரிமார் தொண்டினைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட வேடாலை விட்டுவிட்டு எழுதும் வரலாறு முன்பக்கம் கிழிந்த புத்தகம் போன்றது.

கல்விக்கூடம் என்ற பொருள் சமணர்க்குள்ளேயே அடங்கிக் கிடக்கவும் இல்லை. எட்டாம் நூற்றாண்டினர் எனக் கொள்ளப்படும் திருமங்கையாழ்வார், பிரகலாதன் வரலாற்றைப் பாடும்போது அவன் ஓதி வந்த இடத்தைப் பள்ளி என்றே குறிக்கிறார். வைணவப் பெரியார் ஒருவர் தம் இறைவனின் அடியவனாகிய சிறுவன் படித்த இடத்துக்கு இந்தச் சொல்லையே எடுத்தாள்கிறார் என்றால், அது அப்போதே எல்லார் நாவிலும் புழங்கிய பொதுச்சொல் ஆகிவிட்டது என்பது பொருள். கிரேக்கத்தில் ஓய்வு என்ற பொருளுடைய சொல்லிலிருந்தே ஐரோப்பியர் வழங்கும் ஸ்கூல் என்ற சொல் பிறந்தது. ஓய்வுக்கும் ஓதலுக்கும் தொலைவில்லை என்பதை இரு வேறு மொழிகளும் தனித்தனியே உணர்ந்திருக்கின்றன போலும். காலை ஐந்து மணிக்குத் தனிப்பயிற்சிக்கு எழுப்பப்படும் இன்றைய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கல்விப் பொருளில் வழங்கும் இன்றைய சொற்களுள் ஒன்றைப் பற்றி இங்கே ஒரு சொல். அண்மைக் காலமாகச் சிலர் சிந்தனைப் பள்ளி என்று எழுதுகின்றனர். ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து எடுத்த சொல் அது. ஒரு கொள்கையைப் பின்பற்றுவோரை மரபினர் என்றோ கொள்கையினர் என்றோ சொல்லலாம். பள்ளி ஏற்கெனவே சுமக்கும் சுமைகள் போதும்.

பள்ளி இருந்தால் அதற்கு நிலம் வேண்டும். பள்ளிகளுக்கு விடப்பட்ட நிலமும் ஊரும் கல்வெட்டுகளில் பள்ளிச்சந்தம் எனப்படும். கோயிலுக்கு விடப்பட்டது தேவதானம், அந்தணர்க்கு விடப்பட்டது பிரமதேயம் என்பது போல இது அரசின் கணக்கில் ஒரு வகை. பள்ளன்கோயில் செப்பேடு, சிம்மவர்மப் பல்லவன் பருத்திக்குன்றின் வச்சிரநந்திக் குரவர்க்கு அமண்சேர்க்கை என்னும் ஊரைப் பள்ளிச்சந்தமாக வழங்கியதைக் கூறுகிறது. போளூரை அடுத்த திருமலையில் முதலாம் இராசேந்திரனின் கல்வெட்டு, அம்மலையிலுள்ள குந்தவை ஜினாலயத்தைச் சொல்லும்போது, வைகாவூரைப் பள்ளிச்சந்தம் என்றே அடையாளப்படுத்துகிறது. கங்கை வரை சென்று வென்ற சோழனின் மெய்க்கீர்த்தியைப் படிக்க வருவோர் அதே கல்லில் இதையும் படிக்க வேண்டியிருக்கிறது. பௌத்தரும் இச்சொல்லில் பங்காளிகளே. லெய்டன் செப்பேடு என வழங்குவது, நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எடுத்த சூடாமணி விகாரத்திற்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்த ஆவணம். அதன் தமிழ்ப் பகுதியில் அவ்விகாரமும் பள்ளியாகவே பேசப்படுகிறது.

அரசர் பக்கம் சென்றபோது சொல் வேறு திசையில் திரும்பிற்று. எளிய மனிதர் தூங்குவர். அரசரும் இறைவனும் பள்ளிகொள்வர். துறவியின் கல்லில் இருந்த பெயர் அரசனின் பஞ்சணைக்கு ஏறிற்று. கேரளத்தில் இவ்வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசர் உறங்குவது பள்ளிக்குறுப்பு. அரசர் வாள் பள்ளிவாள். கோயில் திருவிழாவில் அரச மரபினர் நிகழ்த்தும் வேட்டை பள்ளிவேட்டை. இவற்றுள் உறக்கம் என்ற பொருள் அறவே போய், மேன்மை என்ற பொருள் மட்டும் எஞ்சி நிற்கிறது. சோழ அரசர் மறைந்தபோது அவரை அடக்கம் செய்த இடத்தில் எழுந்த கோயில் பள்ளிப்படை. காளத்திக்கு அருகே தொண்டைமானாட்டில் ஆதித்தனுக்கும், மேல்பாடியில் அரிஞ்சயனுக்கும், பழையாறையில் பஞ்சவன் மாதேவிக்கும் அத்தகைய கோயில்கள் உள்ளன. மடைப்பள்ளியில் படுக்கையும் இல்லை, மேன்மையும் இல்லை. மடை என்பது இறைவனுக்குப் படைக்கும் அமுது. பள்ளி அங்கே வெறும் இடம் என்ற அளவில் நின்றுவிட்டது.

இதுவரை சொன்னவை ஒரே நாட்டில், ஒரே மக்களிடையே ஒரு சொல் கிளைத்த கதை. கடல் கடந்து வந்தவர்களுக்கு அச்சொல் வாயில் திறந்த கதை இனி வருகிறது.

மேற்குக் கரையில் கொல்லம் பழைய துறைமுகம். மேலைக்கடல் வணிகர் அங்கே வந்து தங்கினர். அவர்களோடு அவர்களின் சமயங்களும் வந்தன. 849இல், சேர அரசன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள் திருவடிகள் அங்கிருந்த கிறித்தவக் கோயிலுக்கு நிலமும் உரிமைகளும் வழங்கிச் செப்பேடு அளித்தான். வட்டெழுத்தில் அமைந்த அந்த ஆவணத்தில் அக்கோயிலின் பெயர் தரிசாப்பள்ளி. அதனை எடுப்பித்தவன் சபீர் ஈசோ. சான்றாகக் கையொப்பமிட்டோரில் சிலர் அரபு எழுத்திலும், சிலர் பாரசீகத்துப் பகலவி எழுத்திலும், சிலர் எபிரேய எழுத்திலும் ஒப்பமிட்டுள்ளனர். முசுலிம்களும் பாரசீகரும் யூதர்களும் சான்றளிக்க, ஒரு கிறித்தவக் கோயிலுக்குச் சேர நாட்டு ஆவணம் சூட்டிய பெயரில் பள்ளி நிற்கிறது. வேடாலில் குரத்தியார் ஐந்நூறு மாணாக்கியரோடு வாழ்ந்ததும் ஏறத்தாழ அதே நூற்றாண்டுதான் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கிழக்கே சமணப் பெண்துறவியர் வாழ்ந்த காலத்திலேயே மேற்கே பாரசீகக் கிறித்தவரும் தமக்கெனப் பள்ளி பெற்றிருந்தனர். ஒருவரிடமிருந்து பறித்து மற்றவர்க்குக் கொடுக்கப்பட்ட பெயர் அன்று அது.

ஏன் பள்ளி? கோயில் என்ற சொல் அவர்களுக்கு ஏன் வழங்கப்படவில்லை? கோ என்றால் அரசன், இறைவன். கோயில் அவன் வீடு. சிவனும் திருமாலும் வீற்றிருக்கும் இடம் கோயில். ஓர் ஆசானின் கீழ்க் கூடி ஓதியும் தொழுதும் வாழும் கூட்டத்தின் இடத்துக்கு அந்நாட்டு மக்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. புதிதாக வந்தவர்களின் தொழுகையிடத்தைக் கண்ட கண்ணுக்கு அது கோயிலைவிடப் பள்ளியையே ஒத்துத் தோன்றியிருக்க வேண்டும். அயல்மொழிப் பெயர் எதனையும் தேடாமல், உள்ள சொல்லையே எடுத்து நீட்டினார்கள். பிறகு கொச்சியில் யூதர்கள் 1568இல் கட்டிய தொழுகைக்கூடமும் யூதப்பள்ளி ஆயிற்று. மலையாள நாட்டில் இன்றும் கிறித்தவரும் பள்ளிக்குப் போகின்றனர், முசுலிம்களும் பள்ளிக்குப் போகின்றனர். குர்ஆன் கற்பிக்கும் இடம் ஓத்துப்பள்ளி. எழுத்துக் கற்கும் இடம் எழுத்துப்பள்ளி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பள்ளிக்குப் போவதாகக் கோட்டயத்து நண்பர் சொல்லக் கேட்டு, விடுமுறை நாளிலுமா என்று வியக்கும் தமிழர் பலர்.

தமிழகத்தில் முசுலிம்களின் தொழுகையிடம் பள்ளிவாசல் ஆயிற்று. இதில் இரண்டு சொல்லும் தமிழ். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பேச்சுவழக்கில் வாசலை விட்டுவிட்டுப் பள்ளி என்றே சொல்வர். ஒரே தெருவில் குடியிருக்கும் இரு குடும்பங்களில் ஒருவர் வீட்டுப் பெரியவர் வெள்ளிக்கிழமை நண்பகல் பள்ளிக்குப் போகிறார், அடுத்த வீட்டுச் சிறுவன் திங்கட்கிழமை காலை பள்ளிக்குப் போகிறான். இருவர் செல்லும் இடத்திற்கும் பெயர் தந்தது ஒரு பாறையில் வெட்டிய படுக்கை.

இவ்விடத்தில் ஒரு தடுமாற்றத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நன்றன்று. சமுதாய மேடைகளில் சில வேளை ஆர்வ மிகுதியால், பள்ளி என்று முடியும் ஊரெல்லாம் ஒரு காலத்தில் சமண ஊர் என்று சொல்லிவிடுகின்றனர். அது சரியன்று. இச்சொல்லுக்குச் சிற்றூர், இடையர் சேரி என்ற பொருள்களும் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மாரத்தஹள்ளி முதலிய பெயர்களை நாள்தோறும் சொல்கின்றனர். பால் என்பது கன்னடத்தில் ஹாலு ஆனது போல, பூ என்பது ஹூ ஆனது போல, பழைய பள்ளி அங்கே ஹள்ளி ஆயிற்று, பொருள் ஊர். தெலுங்கில் மதனபல்லி போன்ற பெயர்களில் வருவதும் அவ்வாறே. அங்கெல்லாம் துறவியைத் தேடிப் போக வேண்டியதில்லை. திருச்சிராப்பள்ளிக்கே பல பெயர்க்காரணங்கள் சொல்லப்படுகின்றன. மலைக்கோட்டைப் பாறையில் சமணர் கற்படுக்கைகளும் பழைய எழுத்துகளும் உள்ளன என்பது உண்மை. சிரா என்ற முனிவரின் பெயரால் ஊர்ப்பெயர் வந்தது என்போர் உளர். வேறு காரணம் கூறுவோரும் உளர். படுக்கை இருப்பதைச் சொல்வது வரலாறு. பெயர்க்காரணத்தை அடித்துச் சொல்வது வழக்காடுதல். ஊர் ஊராகப் போய் உரிமை கேட்டால், உண்மையான சான்று உள்ள மாங்குளமும் வேடாலும் திருமலையும்கூட அந்தக் கூச்சலில் நம்பப்படாமல் போகும்.

எதிர்ப்பக்கத்தில் உள்ள தவறு இதனினும் பெரிது. தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளை சேர்க்கைப் படிவத்தில் தன் சமயத்தை எழுதியவுடன், "உங்கள் பூர்வீகம் ராஜஸ்தானா, குஜராத்தா?" என்ற கேள்வி வருகிறது. வீட்டில் தமிழ் தவிர வேறு மொழி இல்லை என்று சொன்னால் கேட்டவர் நம்பத் தயங்குகிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுச் சமணர் 89,265 பேர். வணிகத்தின் பொருட்டு வடக்கிலிருந்து வந்து குடியேறியோரும் அதில் அடங்குவர். ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களிடையே அத்தொகை கண்ணுக்குத் தெரியாத தொகை. கேட்பவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கேள்வி கேட்கப்படும் இடத்தின் வாயிலில் எழுதியிருக்கும் பெயரே விடையின் ஒரு பகுதி என்பதைப் பிள்ளை அறிந்திருந்தால், கூனிக் குறுகாமல், கோபமும் கொள்ளாமல் விடை சொல்ல இயலும். இலங்கைத் தமிழர் பாடசாலை என்று வழங்குவதைத் தமிழகத்தார் பள்ளி என்றே வழங்கி வருகின்றனர். அரசுத் துறையின் பெயரும் பள்ளிக் கல்வித் துறை.

எங்கிருந்து வந்தீர்கள் என்ற கேள்விக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில் இன்னொரு விடை இருக்கிறது. ஓவியம் காணச் செல்வோர் பெரும்பாலும் குடைவரையோடு திரும்பிவிடுகின்றனர். மலையின் மறுபுறம் ஏழடிப்பட்டம் என்னும் குகையில் பதினேழு கற்படுக்கைகள் உள்ளன. அவற்றுள் பெரிய படுக்கையில் உள்ள தமிழி எழுத்துப் பொறிப்பு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த துறவியரின் பெயர்கள், பிற்கால எழுத்தில், மற்றப் படுக்கைகளின் அருகே வெட்டப்பட்டுள்ளன. பழைய பொறிப்பு ஒரு முனிவரைப் பற்றியது. அவர் எருமை நாட்டுக் குமட்டூரில் பிறந்தவர் என்று அது சொல்கிறது. எருமை நாடு இன்றைய மைசூர்ப் பகுதி என்பர் ஆய்வாளர். ஆக, அந்த முனிவர் வெளியூரினர்தாம். அவருக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்கள் சிறுபோசில் என்னும் ஊரின் இளையர். அந்தச் செய்தி எழுதப்பட்டிருக்கும் மொழி தமிழ்.